முதல் படகில் தண்ணீர் போகட்டும்

அண்டார்டிகாவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கம்பெனிப் பொறுப்பாளர்களுக்கும், கேப்டன்களுக்கும், எக்ஸ்பெடிஷன் லீடர்களுக்கும், ஹோட்டல் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவருடைய கப்பலில் இரண்டு பருவம் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. நான் பார்த்தது எந்தக் கப்பலிலும் நடக்கக்கூடியதுதான். மனதில் இருப்பதை எனக்கு முழுசாகச் சொல்ல வருவது தமிழில்தான், அதனால் தமிழில் எழுதுகிறேன். படித்து உங்களுக்குச் சொல்ல எங்கள் ஆட்கள் உங்கள் கப்பல்களிலேயே இருக்கிறார்கள்.

அண்டார்டிகாவில் இருக்கும் போர்ட் லாக்ராய் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூடியே தீவு, ஒரு கால்பந்து மைதானம் அளவுப் பாறை. அதன்மேல் கறுப்பு வண்ணம் அடித்து சிவப்பு ஜன்னல் வைத்த அந்த மரவீடு. அதற்குள் அருங்காட்சியகம், தபால் நிலையம், சின்னக் கடை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அதைப் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பேரையும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் அவர்களை லாக்ராய்க்காரர்கள் என்போம். அங்கே குழாய் இல்லை, குளியலறை இல்லை, ஃப்ளஷ் கழிப்பறை இல்லை. குடிக்கிற தண்ணீர் நம் கப்பல்களிலிருந்து கேனில் போகிறது. குளிக்க வேண்டுமென்றால் அவர்கள் நம் கப்பலுக்குத்தான் வரவேண்டும். கப்பல் கூப்பிடாவிட்டால் குளியல் இல்லை. பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட அப்படியே போய்விடும்.

சரி, இதெல்லாம் தெரிந்துதானே அவர்கள் வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என் மேலதிகாரி அப்படித்தான் கேட்டார். குளிரும் தனிமையும் தெரிந்துதான் வருகிறார்கள், வாஸ்தவம். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கப்பல் நிற்கும்போது காலிக் கேனோடு கரையில் நிற்பதையுமா தெரிந்து வருகிறார்கள்?

நான் சொல்லவரும் நாள், என் இரண்டாவது பருவத்தில் ஒரு ஜனவரி நாள். காலையில் லாக்ராயிலிருந்து இரண்டு பேர் வழக்கம்போல சோடியாக் என்ற ரப்பர் படகில் வந்து ஏறினார்கள். கப்பலில் ஏறும் கேங்வேயில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு லவுஞ்சுக்குப் போய், பென்குயினுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கயிறு கட்டிய பக்கம் போகக்கூடாது என்று பயணிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். மதியம் பயணிகள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு நாலு பேரும் வந்து குளிப்பதாக ஏற்பாடு. தண்ணீர் கேன்களும் அப்போதுதான் போகவேண்டும்.

அவர்களுக்காக ஒரு காலி கேபினைத் தயார் செய்யச் சொன்னார்கள். நான்தான் செய்தேன். ஆளுக்கு இரண்டு துண்டு, புது சோப்பு, ஷாம்பு. ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். போன தடவை வந்த ஒரு பெண் குளித்துவிட்டு வெளியே வந்தபோது கன்னமெல்லாம் சிவந்து, கண்ணில் நீரோடு எனக்கு நன்றி சொன்னது ஞாபகத்தில் இருந்தது. துண்டுகளை ஹீட்டர்மேல் போட்டுச் சூடாக வைத்திருந்தேன்.

மதியம் காற்று பிடித்தது. அந்தக் கடலில் காற்று எப்படி வரும் என்று கேப்டன்களுக்குத் தெரியும். மலைமேலிருந்து சரிந்து வந்து பத்து நிமிடத்தில் வளைகுடாவையே புரட்டிப்போட்டுவிடும், உடைந்த பனிக்கட்டிகளும் சேர்ந்துகொள்ளும். பயணிகளை உடனே ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி சோடியாக் திரும்பும்வரை லாக்ராய்க்காரர்கள் கரையில் நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றிவிட்டார்கள். அப்புறம் படகு போகவில்லை. நங்கூரம் தூக்கியாகிவிட்டது.

ஆறு கேன் தண்ணீர், மூடி போட்டு, படகு இறக்கும் கதவுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தது. ஆளுயர அலையிலும் அந்தக் கேன்கள் நகரவில்லை, அவ்வளவு நன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள் டெக் பையன்கள். நாலு பேர் கரையில் நின்று கையசைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாக்கிடாக்கியில் அவர்கள் சொன்னது, "பரவாயில்லை, அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்கிறோம்." அடுத்த கப்பல் எப்போது என்று எங்கள் கப்பலில் ஒருவரும் கேட்கவில்லை.

காற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேப்டன் செய்தது சரி. ஆனால் காலை எட்டு மணிக்கே அந்தக் கேன்கள் நிரம்பி நின்றன. எட்டு மணிக்குப் போன முதல் படகில் போட்டோ எடுக்கும் பயணிகள் போனார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: முதல் படகில் தண்ணீர் போகட்டும். ஆறு கேன் ஏற்றி இறக்கக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் தாமதமாகப் பென்குயினைப் பார்த்தால் பென்குயின் எங்கும் போய்விடாது.

எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுத வைத்தது அந்த நாள்கூட இல்லை. பயணம் முடிவில் பயணிகள் எழுதிக் கொடுக்கும் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில், காலையில் லவுஞ்சில் பேசவந்த அருங்காட்சியக ஊழியர்கள்மேல் நாற்றம் அடித்ததாகவும், கம்பெனி இதைக் கவனிக்க வேண்டும் என்றும் இருந்தது. கம்பெனி கவனித்தது. இனிமேல் அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதென்றால் பயணிகள் சாப்பிடும் இடத்தில் வேண்டாம், கீழே எங்கள் மெஸ்ஸில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மெஸ்ஸுக்கு வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான், ரசம் வைத்துக் கொடுப்போம். ஆனால் அந்த நாற்றம் எதனால் வந்தது என்று ஒருவராவது யோசித்தீர்களா? பயணிகள் வழுக்கி விழக்கூடாது என்று தினமும் பாதையிலும் படியிலும் கிடக்கும் பென்குயின் எச்சத்தை அவர்கள்தான் தேய்த்துக் கழுவுகிறார்கள். கழுவியவர்கள் குளிக்கத் தண்ணீர் உங்களிடம்தான் இருந்தது.

உங்களிடம் தண்ணீர் இல்லாமல் இல்லை. கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் நாள் முழுக்க ஓடுகிறது. மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி கொதித்துக்கொண்டிருக்கிறது. நான் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். என் அம்மா கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்தவர். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். யாராவது தாகம் என்று வந்து நின்றால் அந்தக் குடத்திலிருந்துதான் ஊற்றுவார், முதலில் வந்தவருக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் தூக்குவார். நிரம்பிய கேனைக் கட்டிப்போட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்த கப்பலில் வேலை பார்த்தேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வீடு சும்மா ஒரு வேடிக்கை இடமில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1944 பிப்ரவரியில், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆபரேஷன் தாபரின் என்ற ரகசியத் திட்டத்தில் பிரிட்டன் அமைத்த தளம் அது. அப்புறம் 1962 வரை ஆட்கள் தங்கி வானிலையையும் மேல் வளிமண்டலத்தையும் ஆராய்ந்தார்கள். பின் முப்பது வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்ததை 1996-ல் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கினார்கள். இன்றைக்கும் உள்ளே போனால் அடுப்பு, டப்பா டப்பாவாகச் சாப்பாட்டுப் பொருள், கொடியில் தொங்கும் உள்ளாடை, எல்லாம் ஆள் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருக்கும். அப்படி இருப்பதற்குக் காரணம் பருவத்துக்குப் பருவம் போய்ப் பனி வாரி, கூரை அடைத்து, ஈரம் துடைக்கிறவர்கள். 2022-ல் அவர்கள் போய் இறங்கியபோது வீடே பனிக்குள் புதைந்து, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் இருந்தவர்கள் வந்து மண்வெட்டி பிடிக்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு நடுவே பென்குயின் கூடுகளை எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள், நம் பயணிகள் வாங்கும் அஞ்சலட்டைகளுக்கு ஒவ்வொன்றாகக் கையால் முத்திரை குத்துகிறார்கள். பருவத்துக்குச் சுமார் 70,000 அட்டை.

அதில் ஒன்று என்னுடையது. முதல் பருவத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் இறங்க அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். தபால்காரப் பெண் முகவரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். வரிசையில் என் பின்னால் இருபது பேர் நின்றார்கள். ஃபாக்லாந்து போய், பிரிட்டன் போய், நான் ஊர் திரும்பிய பிறகுதான் அந்த அட்டை வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கப்பல்களில் கேபின் துடைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எத்தனை பேர் பருவம் முழுக்கப் போய்வந்தும் அந்தக் கண்டத்தில் கால் வைக்காமலே ஊர் திரும்புகிறார்கள் தெரியுமா? 2022–23 பருவத்தில் அண்டார்டிகாவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அவ்வளவு பேருக்கும் படுக்கை விரித்தவர்களில் பலர் ஜன்னல் வழியாகத்தான் பனியைப் பார்த்தார்கள். கரையில் எத்தனை பேர் நிற்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம், பென்குயினை எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கெல்லாம் எழுதிவைத்த விதி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அங்கே வேலை செய்கிற மனிதருக்குத் தண்ணீர் கொடுப்பது மட்டும் கப்பலில் இருப்பவர்களின் நல்ல மனதைப் பொறுத்தது என்றால் எப்படி? நல்ல மனது நிறையக் கப்பல்களில் இருக்கிறது. பழமும் ரொட்டியும் அள்ளிக் கொடுத்த சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று அடிக்கிற நாளில் நல்ல மனது மட்டும் இருந்து என்ன செய்ய?

எங்கள் குறையை எங்கள் ஆட்கள் வேறு கடிதத்தில் எழுதட்டும். இந்த மடல் லாக்ராய்க்காரர்களுக்காக. அவர்கள் யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள், அவர்கள் வாயில் "பரவாயில்லை" தவிர வேறு வராது.

அடுத்த பருவத்துக்கான நேரப்பட்டியலை நீங்கள் போடும்போது தயவுசெய்து இதைச் சேருங்கள். லாக்ராய் போகும் நாளில் முதல் படகில் தண்ணீர் போகட்டும். பயணி ஒருவரும் ஏறுவதற்கு முன்னால், காலியான கேனை வாங்கி நிரம்பிய கேனை இறக்குங்கள். காலையில் விளக்கம் சொல்ல இரண்டு பேர் எப்படியும் கப்பலுக்கு வருகிறார்கள். பேசுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கேபினும் இருபது நிமிடமும் கொடுங்கள். மற்ற இரண்டு பேரை, கப்பலிலிருந்து யாராவது கடையைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் கூட்டி வாருங்கள். எரிபொருளும் சாமானும் எப்போது ஏறும் என்று எழுதிவைக்கும் தாளிலேயே இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கேப்டன் மாறினாலும், லீடர் மாறினாலும் அந்த வரி இருக்கட்டும். இதற்கு உங்களுக்குப் புதிதாக ஒரு காசு செலவில்லை.

கோபத்தில் ஏதாவது வார்த்தை கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் என் தங்கையின் படிப்பு முடிந்தது, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. துண்டைச் சூடாக வைக்க ஆள் வேண்டுமென்றால் மூன்றாவது பருவத்துக்கும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கப்பல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் பார்த்த இராமநாதபுரத்துக்காரன்