அடுத்த மே 29க்கு வாருங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பா,

மே 29 அன்று காலை, திருச்சியில், கார்கில் போரில் உயிர்நீத்த மேஜர் சரவணனின் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். கத்திரி முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது. வெயிலுக்கு அது தெரியவில்லை. என்.சி.சி. மாணவர்கள் வியர்வை வழிய அசையாமல் நின்றார்கள். மலர்வளையம் வைத்தார்கள், மௌனம் காத்தார்கள். நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்போது கூப்பிட்டாலும், “அது பெரிய அதிகாரிகளுக்கான விழா, ஹவில்தாருக்கு அங்கே என்ன வேலை?” என்று மறுத்துவிடுவீர்கள். இந்த முறை விடப்போவதில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

சரவணன் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனில் இருந்தவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1999 மே 28 இரவு, கார்கில் போரின்போது, லடாக்கின் படாலிக் பகுதியில் பதினாலாயிரம் அடிக்கு மேல் இருந்த ஒரு முகட்டைப் பிடிக்கத் தன் ஆட்களோடு ஏறினார். மேலே பதுங்கு குழிகளில் எதிரி. கீழிருந்து ஏறுகிறவனுக்கு மறைவிடமே இல்லை. காயம்பட்ட பிறகும் அவர் திரும்பவில்லை. மே 29 அன்று உயிர் போய்விட்டது. இருபத்தாறு வயது. ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடலை அந்த மலையிலிருந்து மீட்க முடியவில்லை. பிறகு வீர சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

அதே தாக்குதலில் நாயக் பதவியில் இருந்த கணேஷ் பிரசாத் யாதவும் இறந்தார். பீகார்க்காரர். அவருக்கும் வீர சக்ரா. நம் ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? மேஜரைக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திருச்சி தன் பிள்ளையை மறக்காமல் வைத்திருப்பது பெருமைதான். ஆனால் அவரோடு ஏறிய சிப்பாய்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

நிகழ்ச்சி முடிந்ததும் நடந்ததைக் கேளுங்கள். முன்னாள் வீரர்கள் சிலர், வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றிருந்தார்கள். மாணவர்கள் நேராக அவர்களிடம்தான் போனார்கள். ஒரு பெண், “இருட்டில் மலை ஏறும்போது முன்னால் போகிறவரை எப்படித் தெரியும், தாத்தா?” என்று கேட்டாள். அவர் தரையில் குந்தி, கையை நீட்டிக் காட்டி விளக்கினார். சிரித்தார்கள், மறுபடி கேட்டார்கள். அரை மணி நேரம் யாரும் நகரவில்லை.

உங்களிடம் அந்த மாதிரி எத்தனை இருக்கிறது! நீலகிரி வெலிங்டனில் பயிற்சிக் காலத்தில் பட்டது, எல்லையில் பனியில் நின்ற இரவுகள், கூட இருந்தவர் இறந்தபோது அவருடைய வீட்டுக்கு நீங்கள் எழுதிய கடிதம். சித்திக்குக்கூட இதில் பாதி தெரியாது. கொடிநாள் வந்தால் உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டு, படைவீரர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். டிசம்பர் 7க்கு அப்பால் அவர்கள் நம் தெருவிலேயே, ரேஷன் கடை வரிசையிலேயே நிற்பது நம் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் சின்னப் பிள்ளைகள் அதிகம் வருவதில்லை. அடுத்த வருடம் நம் தெருப் பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன். அவர்களுக்கு யாதவைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், மர நிழல் போதும்.

28ஆம் தேதியே வந்து எங்கள் வீட்டில் தங்கிவிடுங்கள். பஸ் நிலையத்துக்கு நான் வண்டியோடு வருகிறேன். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பதக்கங்களைச் சித்தியிடம் சொல்லித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். வருகிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் அண்ணன் மகன்