கட்டையன்ரை கட்டியும் என்ரை கையெழுத்தும்

கொழும்புத்துறை,
ஞாயிறு இரவு.

அன்பின் குகன்,

நாலு மாசமா எழுதேல்லைத்தான், திட்டிறதெண்டால் திட்டி முடி. அம்மாவின்ரை முழங்கால் பரவாயில்லை. உங்கடை வளவு மாமரத்தைச் சித்தப்பா தறிச்சுப் போட்டார். அதை நீ அவரோடை கதை. நான் எழுத வந்தது கட்டையன்ரை கதை.

அவன்ரை முழங்கைக்குக் கீழை ஒரு கட்டி. நோவில்லை, கடியில்லை. வன்னிக் காணிக்குப் போய் வந்த காலத்திலையிருந்து மஞ்சள் பூசிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். நடுவிலை புண்ணான பிறகுதான் எனக்குக் காட்டினவன். அதுவும் எங்கடை கேற்றடியிலை, றோட்டிலை ஆக்கள் இல்லாத நேரம் பாத்து. குட்டமெண்டு தானே தீர்ப்பெழுதி, வீட்டிலை சாப்பாட்டுக் கோப்பையையும் வேறையாக்கிப் போட்டான். சோக்கட்டி மாஸ்டர் இருந்திருந்தால் அண்டைக்கே ஒரு குட்டு விழுந்திருக்கும்.

"மடையா, இது மணல் ஈ கடிச்சு வாற லீஷ்மானியா எண்ட ஒட்டுண்ணி நோய், தொட்டால் ஒட்டாது" எண்டு பேசி, கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனன். சிலைட் எடுத்தது நான். பாத்தது நான். ஒட்டுண்ணி இல்லையெண்டு கையெழுத்துப் போட்டதும் நான். அவன் சந்தோசத்திலை றோல்ஸ் வாங்கித் தந்தான், நானும் வெக்கமில்லாமல் மூண்டு திண்டன்.

மூண்டு கிழமையிலை புண் பெருத்திட்டுது. டொக்டர் என்ரை றிப்போட்டைப் பாத்திட்டு, "திரும்ப எடுங்கோ" எண்டார், வேறை ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் குத்தினது.

முதல்தரம் நான் நடுப் புண்ணைச் சுரண்டிப் போட்டன். அதிலை செத்த சதை, ரத்தம், பக்ரீரியா, வேறை என்ன இருக்கும்? இந்த முறை தடிச்ச விளிம்பை ரெண்டு விரலாலை ரத்தம் விலகி வெளிறுமட்டும் நசிச்சுப் பிடிச்சு, 15ஆம் நம்பர் பிளேட்டாலை சின்னதாக் கீறி, பிளேட்டைப் பக்கவாட்டுக்குத் திருப்பிச் சுரண்டினன். கட்டையன் சொன்ன வார்த்தையளை இதிலை எழுதேலாது. இன்னொரு குற்றமும் இருக்கு. முதல்தரம் பஃபர், அதுதான் சாயத்தின்ரை pH அளவை நிலையா வைச்சிருக்கிற கரைசல், முடிஞ்சு போச்செண்டு ஜீம்சா சாயத்தை எங்கடை ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணியிலை கரைச்சனான். சிலைட் முழுக்க ஒரே நீலம். இப்ப பஃபரை pH 7.2இலை வைச்சு ஒழுங்காச் செய்தன்.

100 மடங்கு லென்ஸ், ஒயில், ஒரு மணித்தியாலம். ரெண்டு தரம் ரத்தத்திலை இருக்கிற பிளேற்லெற் துணிக்கை என்னை ஏமாத்திப் போட்டுது. பேந்து ஒரு பெரிய கலத்துக்குள்ளை முட்டை வடிவிலை ஒரு சாமான்; 2, 3 மைக்ரோன் இருக்கும். உள்ளுக்கை ஒரு வட்டக் கரு, பக்கத்திலை கோடுமாதிரிச் சின்னக் கைனெற்றோபிளாஸ்ற், அதுவும் டி.என்.ஏ. இருக்கிற ஒரு துண்டுதான். அந்த ரெண்டும் சேந்து தெரிஞ்சால்தான் அது லீஷ்மானியா. நுணுக்குக்காட்டியை விட்டு எழும்ப மனம் வரேல்லை. 1903இலை மதராசிலை டொனவன் எண்ட டொக்டர் நோயாளியின்ரை மண்ணீரலிலை கண்டதும் இதைத்தான். அவரின்ரை பேராலை வந்த லீஷ்மானியா டொனவானி எண்ட இனம் அங்கை ஈரல், மண்ணீரலைத் தாக்கி ஆளைக் கொல்லுற காலா அசார் நோயைக் குடுக்குது. எங்கடை நாட்டிலை அதே இனம் பெரும்பாலும் தோலோடை நிண்டு விடுது. வினோதமான சாமான் மச்சான்.

ஆனால் நித்திரை வரேல்லை. புண் பழசாகப் பழசாக ஒட்டுண்ணி குறையும், சிலைட்டிலை அகப்படாது. முயல் ரத்தம் கலந்த ஊடகத்திலை வளத்துப் பாக்கலாம், அதுக்குக் கிழமைக்கணக்காகும், இடையிலை பக்ரீரியா பூந்தால் எல்லாம் நாசம். காலா அசாருக்குப் பாவிக்கிற rK39 எண்ட ரத்தப் பரிசோதனைப் பட்டியை எங்கடை தோல் நோயிலை நம்பேலாது. ஒட்டுண்ணியின்ரை டி.என்.ஏ.யைப் பெருக்கிப் பாக்கிற பி.சி.ஆர். நுணுக்கமாப் பிடிக்கும், ஆனால் எல்லா ஆய்வுகூடத்திலையும் இல்லை. அப்ப நான் "இல்லை" எண்டு எழுதினதெல்லாம் "நான் காணேல்லை" எண்டதுதானே? பழைய பதிவுக் கொப்பியைத் திறந்து வைச்சுக்கொண்டு எத்தினை பேரை வெறுங்கையோடை அனுப்பினன் எண்டு எண்ணத் தொடங்கி, பாதியிலை மூடிப் போட்டன். இப்ப "இந்தச் சிலைட்டில் காணப்படவில்லை, சந்தேகமெனில் மீண்டும் எடுக்கவும்" எண்டு எழுதிறன். ஆய்வுகூடத்திலை எனக்கு மேலை இருக்கிறவர் எனக்கு இலக்கியம் முத்திப்போச்சு எண்டு சிரிக்கிறார்.

கட்டையனுக்குப் புண்ணுக்குள்ளையே ஊசி போடுகினம். ஒவ்வொரு கிழமையும் ஊர் கூட்டிறான். கோப்பையை இன்னும் வேறையாத்தான் கழுவுறான்.

மூடுறதுக்கு முதல் அந்தக் கொப்பியிலை ஒரு பேரைக் கண்டனான். எங்கடை செல்லமக்காவின்ரை மோன், கன்னத்திலை ஒரு கட்டியோடை வந்தவன். இப்ப உங்கடை பக்கம் எண்டு கேள்வி. அவன்ரை நம்பர் இருந்தால் அனுப்பு. கட்டி மாறிட்டுதோ எண்டு கேக்க வேணும்.

உன்ரை
தேவன்