தாத்தா சொன்னதுதான் சரி

ஹான்வெல், லண்டன்
அக்டோபர் 12, ஞாயிறு இரவு

அன்புள்ள பாலு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, மன்னித்துவிடு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அக்கா போனில் சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இரவு அந்தச் சத்தம் எனக்குக் கிடைத்துவிட்டதடா!

எந்தச் சத்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பாலக்கரை மாடியில், கரண்ட் போகும்வரை ஓட விட்டுக் கேட்ட அந்த ஏசி/டிசி ராக் குழுவின் கேசட். நாடா அறுந்தபோது நீ நெயில் பாலிஷ் வைத்து ஒட்டினாயே, அதேதான். நேற்று கிட்டாரில் சில சுரங்கள் சேர்ந்த ஏ கார்டை ஒரு தட்டு தட்டினேன். ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது, ஆனால் சுவரே நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. கை நடுங்கிவிட்டது. உடனே உன்னைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் உங்கள் ஊரில் விடிகாலை நாலு மணி.

உன் கடிதத்தில் எழுதியிருந்தாய்: மச்சினன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கிட்டார் ஆம்ப்ளிஃபையரில், அதாவது ஆம்ப்பில், எந்தக் குமிழைத் திருப்பினாலும் தேனீக் கூடு கலைந்த மாதிரிதான் கேட்கிறது என்று. எனக்கும் ஏழு மாதமாக அதே தேனீதான். மார்ச்சில் ஒரு மெஸா பூகி டூயல் ரெக்டிஃபையர் ஆம்ப் வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். 100 வாட், நாலு 6எல்6 பவர் ட்யூப், சிக்னலைப் பெருக்கும் அஞ்சு 12ஏஎக்ஸ்7 சின்ன ட்யூப். மாடிக்குத் தூக்கி வருவதற்குள் இடுப்பு போய்விட்டது. கனத்த மெட்டலுக்கு அது ராஜா. நான் கேட்டதோ 1970களின் குரல். குற்றம் ஆம்ப்பில் இல்லை, எனக்கு அதனிடம் கேட்கத் தெரியவில்லை.

நாம் எங்கே தவறினோம் என்று இப்போது புரிகிறது. கல்லூரி ஹாலில் நீ சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் கடைசிவரை திருகி வைப்பாய், நான் உன்னைவிட ஒரு சுற்று அதிகம். தாத்தா மட்டும் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு மூலையில் நின்று "கொறைங்கடா, ஒரு சுரமும் வெளங்கல" என்று கத்துவான். அதனால்தானே அவனுக்கு அந்தப் பேரே வந்தது. அவன் சொன்னது அத்தனையும் சரி, பாலு. அந்த ரெக்கார்டில் டிஸ்டார்ஷன் நாம் நினைத்ததில் பாதிகூடக் கிடையாது.

ஏசி/டிசியின் மால்கம் யங்கை எடுத்துக்கொள். கிரெட்ச் கிட்டார், தடித்த கம்பி, கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, குறைத்த மார்ஷல் ஆம்ப். அவர் வாசிப்பதை மட்டும் தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட க்ளீன் என்றே சொல்வாய். வலது கை அடிக்கிற அடிதான் அந்தக் கனம். மறுபக்கம் தம்பி ஆங்கஸ். இரண்டு தெளிவான கிட்டார் சேரும்போது வருகிற பருமனை நாம் ஒரே கிட்டாரில், ஒரே குமிழில் தேடிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. பவர் கார்டில் இரண்டே சுரம், ஆதாரமும் பஞ்சமமும். அதை எவ்வளவு உடைத்தாலும் தாங்கும். காந்தாரத்தையும் சேர்த்து முழு ஏ, முழு டி என்று வாசித்தால், டிஸ்டார்ஷன் அந்தச் சுரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுப் புது அதிர்வுகளைக் கிளப்பிவிடும். அவை ஒன்றோடொன்று மோதும். அந்த மோதல்தான் உன் தேனீ. பழைய ராக் முழுக்க முழு கார்டுகள், அதற்குக் கெயின் குறைந்தே ஆக வேண்டும்.

நான் தினமும் வேலைக்குப் போகிற 207 பஸ் அக்ஸ்பிரிட்ஜ் ரோடு வழியாகத்தான் போகிறது. அந்த ரோட்டில் 76ஆம் எண்ணில்தான் ஜிம் மார்ஷலின் கடை இருந்தது. மனுஷன் டிரம்மர், டிரம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். கிட்டார்காரர்கள் வந்து கேட்டதால் 1962இல் கென் பிரானும் டட்லி கிரேவனும் அவருக்காக முதல் ஆம்ப்பைக் கட்டினார்கள். ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்துப் போட்ட சர்க்யூட். ஆனால் பாஸ்மேனில் முதல் ட்யூப் 12ஏஒய்7, அதன் பெருக்கம் சுமார் 44. மார்ஷலில் அந்த இடத்தில் ஈசிசி83 போட்டார்கள், அதாவது நம் 12ஏஎக்ஸ்7, பெருக்கம் 100. அதனால் சத்தம் சீக்கிரமே உடைய ஆரம்பித்தது. ஒரு தலைமுறையின் குரல் மாறியதில் அந்த ஒரு ட்யூபுக்குப் பெரிய பங்கு உண்டு. பஸ் ஜன்னலில் அந்தக் கடை வாசல் தெரியும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஓடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பஸ்ஸில்தான் பொறி தட்டியது. அவர்கள் போன வழியில் நாம் திரும்பி வந்தால் என்ன? என் ஆம்ப்பில் கெயின் வரிசையாக நாலைந்து கட்டம் தாண்டி வருகிறது. பழைய மார்ஷல் சூப்பர் லீட் ஆம்ப்பில் டோன் குமிழ்களுக்கு முன்னால் இரண்டே கட்டம். முதல் ட்யூபைக் கழற்றி 5751 போட்டேன், அதன் பெருக்கம் 70. கொஞ்சம் மூச்சு விட்டது. பிறகு 12ஏஒய்7. அவ்வளவுதான், தேனீ பறந்துவிட்டது. ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ட்யூப் ஆறிய பிறகு மாற்று. பெட்டியைத் திறந்து உள்ளே மட்டும் கை வைக்காதே. கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்கும். உன் வீட்டுப் பழைய வால்வு ரேடியோவில் அப்பா வாங்கிய ஷாக்கை மறந்திருக்க மாட்டாய்.

இனி குமிழ்கள். ரெண்டாவது சேனல், "ரா" மோடு. கடிகார முள் மாதிரி வைத்துக்கொள்: கெயின் பத்து மணி, அதற்கு மேல் போகாதே. தாழ் ஒலிக்கான பேஸ் ஒன்பது மணி. நடு ஒலிக்கான மிட் இரண்டு மணி. ஆமாம், இரண்டு! டேப் ரெக்கார்டர் ஈக்குவலைசரைச் சிரித்த வாய் மாதிரி வளைத்து வைப்பாயே, நடுவே பள்ளமாக, அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. கிட்டார் குடியிருப்பதே மிட்டில்தான். மேல் ஒலிக்கான ட்ரெபிளை ரொம்ப ஏற்றினால் மற்ற இரண்டும் வேலை செய்யாமல் போகும், பதினொன்றில் நிறுத்து. பின்னால் "ஸ்பாஞ்சி" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், உள்ளே வோல்ட்டைக் கொஞ்சம் தாழ்த்தும். அதைப் போட்டால் அடிக்கிற அடிக்குச் சத்தம் ஒரு நொடி பதுங்கி எழும். உன் ஆம்ப்பில் இது இல்லாவிட்டாலும் மற்றதெல்லாம் பொருந்தும்.

பாதி வேலை கிட்டாரில் இருக்கிறது. வால்யூமை ஆறில் வை. ரிதமுக்கு ஆறு, சோலோவுக்குப் பத்து. குறைத்தால் சத்தம் மங்குகிறது என்பாய், தெரியும். வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் சிக்னல் உள்ளே வரும் கால், நடுக்கால், இரண்டுக்கும் குறுக்கே 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்ற வை, மேல் சுருதி தங்கும். உன் கிட்டாரில் இருப்பது கம்பியின் அதிர்வை வாங்கும் அந்த முரட்டு செராமிக் காந்தப் பிக்கப். கம்பியிலிருந்து தள்ளி நன்றாகக் கீழே இறக்கு.

ஒரு பயம் சொல்கிறேன், சிரிக்காதே. அமெரிக்க ஆம்ப் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் ஊர் 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு முறைகூடச் செருகாதே. கிட்டார்காரர் எட்டி வான் ஹேலன் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்து 90 வோல்ட் அளவுக்கு இறக்கினார் என்று படித்துவிட்டு அந்த விளையாட்டுக்கும் போகாதே. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதையும் மச்சினனிடம் சொல்லி வை.

சத்தம்தான் கடைசி வழக்கு. மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழை ஏற்றாமல் பவர் ட்யூப் வாய் திறக்காது, ஏற்றினால் பக்கத்து வீடு தாங்காது. வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமானால் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும். நான் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு அட்டெனுவேட்டர் வைத்திருக்கிறேன், மிச்ச வாட்டெல்லாம் அதில் சூடாகப் போய்விடும். மூன்றிலும் எழுதியிருக்கும் மின்தடை அளவு, அதாவது ஓம், மட்டும் பொருந்த வேண்டும்.

இதை எழுதும்போது தாத்தாவின் நினைப்புத்தான். போன மாதம் பேசினோம். இடது காதில் ராத்திரி பகல் ஒரே விசில், டாக்டர் இனி திரும்பாது என்று சொல்லிவிட்டாராம். என்ன காரணம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஹாலில் அவன் நின்ற மூலை எனக்கு நினைவிருக்கிறது பாலு, உன் ஸ்பீக்கருக்கும் என் ஸ்பீக்கருக்கும் நடுவே, இடது காது என் பக்கம். மூன்று வருடம் கொறை கொறை என்று கெஞ்சினான். ஒரு நாளாவது குறைத்தோமா? இரண்டு நாளாக இது என்னை விடவில்லை. உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன்?

டிசம்பர் 20 இரவு திருச்சி வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். உனக்கு ஒரு 12ஏஒய்7 சட்டையில் சுற்றிக் கொண்டுவருகிறேன், அதுவரை முதல் ட்யூபைத் தொடாதே. தாத்தாவை வீட்டுக்குக் கூப்பிட்டு வை. ஆம்ப்பை அவன் வலது பக்கம் தள்ளி வை, கெயினை அவன் கையாலேயே திருப்பட்டும். அவன் எங்கே நிறுத்துகிறானோ அங்கே வாசிப்போம்.

அம்மாவிடம் சொல்லு, முறுக்கு வேண்டும்.

உன்
செந்தில்