கிளவுடுக்கு மாறும் முன் முன்னெழுத்தைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வணிகத் தரவு முழுவதையும் ஒரே கிளவுட் தளத்துக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, கொண்டுவருவது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொலைபேசி வருவாய்க் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கோப்புகளை வாடகைச் சர்வர்களில் ஏற்றுவது இந்த வேலையின் எளிய பகுதி. ஏற்றிய பதிவுகளில் எவையெல்லாம் ஒரே ஆளுடையவை என்று தீர்மானிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நம் நாட்டில் கைபேசிச் சேவை 22 உரிமப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வளர்ந்தது. போஸ்ட்பெய்டு பில்லுக்கு ஒரு மென்பொருள், ப்ரீபெய்டு இருப்பைக் கழிக்க வேறொன்று, லேண்ட்லைனுக்கு மற்றொன்று, புகாருக்குத் தனியாக ஒன்று என்று நிறுவனங்களுக்குள் பல அமைப்புகள் சேர்ந்தன. 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் இணைந்ததைப் போன்ற இணைப்புகள் வரும்போது இந்தச் சுமை இன்னும் கூடும். ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லுக்கே பிரிவுக்குப் பிரிவு பொருள் மாறுகிறது: பில் பிரிவுக்கு அது ஒரு கணக்கு எண், நெட்வொர்க் பிரிவுக்கு இயங்கும் சிம், விற்பனைப் பிரிவுக்கு விற்ற இணைப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் மாதாந்திர அறிக்கையில் மொத்த இணைப்புகள் ஒரு எண்ணாகவும், உண்மையில் இயங்குபவை அதைவிடக் குறைந்த வேறொரு எண்ணாகவும் அச்சாவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதற்கு மேல் நம் பெயர்கள் வேறு. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நம்மில் ஒருவர் தந்தையின் பெயரை எழுதுவார், ஒருவர் முன்னெழுத்தை மட்டும் எழுதுவார், ஒருவர் தன் பெயரையே திரும்பவும் எழுதுவார். சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை வாக்காளர் பட்டியலைப் புரட்டினாலே அறியலாம்.

வீடு மாறியபோது ஒரு நிறுவனத்தின் லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டு, அதே நிறுவனத்தில் ஃபைபர் இணைப்பு வாங்கினேன். சில மாதம் கழித்து, ஒப்படைத்த இணைப்புக்கு நிலுவை என்று நோட்டீஸ் வந்தது. சேவை மையத்தில் இருந்த பெண் ஊழியர் திரையில் மூன்று ஜன்னல்களைத் திறந்தார். முதலாவதில் என் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து, இரண்டாவதில் பின்னால், மூன்றாவதில் தந்தையின் பெயர் முழுதாக. “இதில் நீங்கள் யார் சார்?” என்று அவர் கேட்டது கேலியாக அல்ல, உண்மையாகவே தெரியாமல்தான். என் டெபாசிட் முதல் ஜன்னலிலும் நிலுவை இரண்டாவதிலும் இருந்தன; ஒன்றிலிருந்து மற்றொன்றில் கழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே தரவை ஒன்றாக்குவதை நான் எதிர்க்கவில்லை, அதனால் முதலில் பயன்பெறுபவன் நானாகத்தான் இருப்பேன்.

என் அச்சம் தவறான சேர்க்கை பற்றியது. எங்கள் நெல்லைப் பக்கத்தில் குலதெய்வத்தின் பெயரோடு ஒரே தெருவில் நான்கு இசக்கிமுத்துகள் இருப்பார்கள்; அவர்களில் இருவருக்கு முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் முகவரியும் ஒன்றே. பெயரும் முகவரியும் பொருந்தினால் ஒரே ஆள் என்று மென்பொருள் முடிவு செய்தால், ஒருவர் கட்டாத பில்லுக்கு இன்னொருவரின் இணைப்பு துண்டிக்கப்படும். பிரிந்து கிடந்தபோது ஒரு பிரிவோடு நின்ற பிழை, ஒன்றான பிறகு எல்லாத் திரையிலும் உண்மையாகிவிடும்.

ஒரே இடத்தில் குவித்த தரவு ஒரே கதவு வழியாக வெளியேறவும் கூடும். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம், ஏறத்தாழ தன் கைபேசி வாடிக்கையாளர்கள் அனைவரின் 2022 மே முதல் அக்டோபர் வரையிலான அழைப்பு, குறுஞ்செய்தி விவரங்கள் ஸ்னோஃப்ளேக் என்ற வெளி நிறுவனத்தின் கிளவுட் தளத்திலிருந்து திருடப்பட்டதாக 2024 ஜூலையில் அறிவித்தது. பேச்சின் உள்ளடக்கம் போகவில்லை. யார் யாரோடு தொடர்பு கொண்டார் என்பது போய்விட்டது. அந்த ஸ்னோஃப்ளேக் தளத்தில் அவ்வாண்டு சூறையாடப்பட்ட கணக்குகளில், கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் கேட்கும் ஏற்பாடு இருக்கவில்லை. நாம் வங்கிக்கு ஓடிபி போடுகிறோம் அல்லவா, அவ்வளவு சிறிய காரியம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வகுத்துள்ளது. நம் பெயரில் எத்தனை கைபேசி எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இப்போதே பார்க்கலாம். அதுபோல, பதிவுகளை ஒன்றாக்கும் நிறுவனமும், “இந்த இணைப்புகள், இந்த டெபாசிட், இந்த நிலுவை ஆகியவை உங்களுடையவையா?” என்று வாடிக்கையாளரிடம் தமிழிலேயே கேட்டுவிட்டுப் பழைய அமைப்பை மூட வேண்டும். தவறாக ஒட்டியதைப் பிரித்துவிடும் அதிகாரத்தை, மூன்று ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஊழியருக்கே கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்க் கணக்கு அலுவலர்,
திருநெல்வேலி.