மூன்று துண்டு வில்லுக்கு ஒரு மண்கரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வில்வித்தை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குறி பார்க்கும் கருவியும் முன்னால் நீண்டு நிற்கும் கம்பிகளும் பூட்டிய ஒலிம்பிக் வில்லின் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் படிக்கிறவர்களுக்கு வில் என்றால் அது மட்டும்தான் என்று தோன்றிவிடும். எதுவும் பூட்டாத வெறும் வில்லும் உண்டு. அப்படி ஒன்று 38 வருடம் காத்திருந்து இந்தத் தை மாதம் என் கைக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்லவும், கூடவே ஒரு கோரிக்கை வைக்கவும் இதை எழுதுகிறேன்.

ஏற்காடு நாகலூரில் தச்சு வேலை செய்கிறேன். வயது 54. எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது அப்பாவோடு ஓர் எஸ்டேட் பங்களாவுக்கு ஜன்னல் சட்டம் மாற்றப் போனேன். அங்கே ஒரு பெட்டியில் பச்சைத் துணியின் மேல் மூன்று துண்டுகள் கிடந்தன. நடுவில் கைப்பிடிக் கட்டை, இரண்டு பக்கமும் பட்டையான இரண்டு கைகள். நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கண்ட முதலாளி, இரண்டு போல்ட்டை முடுக்கி, நாண் ஏற்றி, என் கையில் கொடுத்தார். மூன்று துண்டும் ஒரே வில்லாக நின்றது. கைப்பிடியில் இரண்டு நிற மரம் மாற்றி மாற்றி ஒட்டியிருந்தது. அப்பா போல்ட் இறங்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "மூட்டு சுத்தம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

வீட்டுக்கு வந்ததும் மூங்கிலை வெட்டி வில் செய்தேன். பச்சை மூங்கில். காய விடப் பொறுமை இல்லை. பத்தே நாளில் வளைத்தபடியே நின்றுவிட்டது, அம்பு நாலடி தாண்டவில்லை. ஈரம் போகாத மரம் வளைத்தால் திரும்பி நிமிராது என்பதை நான் கற்றது அந்த வில்லில்தான்.

24 வயதில் ஒரு மர மில்லில் வேலை பார்த்தபோது இழைப்பு மெஷினில் வலது கட்டைவிரல் முதல் கணுவோடு போயிற்று. பார்க்க வந்த அத்தை ஏகலைவன் கதையைச் சொல்லி அழுதார். உளியையும் இழைப்புளியையும் பிடிக்க மீண்டும் பழகிக்கொண்டேன். வில் ஆசையை மட்டும் அத்தோடு விட்டுவிட்டேன். கட்டைவிரல் இல்லாமல் நாணை இழுக்க முடியாது என்றே நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வருடம் அப்படியே போனது. இரண்டு வருடம் முன்பு அக்கா மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அதில் எய்தவர் நாணில் மூன்று விரல்களை வைத்திருந்தார்: அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு. கட்டைவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் சும்மா இருந்தது. அன்று இரவே ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி மூன்று விரலால் இழுத்துப் பார்த்தேன். முடிந்தது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மலையிலும் சேலத்திலும் பட்டறை, மில் என்று வேலை செய்து விரல் இழந்தவர்கள் எத்தனையோ பேர். கட்டைவிரலால் இழுக்கும் முறை ஆசியாவில் பல நாடுகளில் இருக்கிறது; ஆனால் மூன்று விரல் முறையில் கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. இதை யாராவது எனக்கு 24 வயதில் சொல்லியிருக்கலாம்.

வாங்கும்போது ஒரு தவறு நடந்தது. எந்தக் கை வில் வேண்டும் என்று விற்பவர் கேட்டார். வில்லை இடது கையில்தானே பிடிக்கிறோம் என்று இடது என்றேன். இடதுகைக்காரர்களுக்கான கைப்பிடி வந்து சேர்ந்தது. வலக்கை வில் என்றால் வலக்கையால் நாணை இழுப்பவருக்கு உரியது என்று அர்த்தமாம். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க மூன்று மாதம் ஆனது. புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது வில்லுக்கு வருகிறேன். பெயர் டேக்டவுன் ரீகர்வ். கழற்றி மாட்டலாம் என்பதால் டேக்டவுன். இரு முனையும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருப்பதால் ரீகர்வ். 62 அங்குலம். 35 பவுண்ட் இழுவை, அதாவது 28 அங்குலம் இழுத்தால் கிட்டத்தட்ட 16 கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் பாரம். வில்லின் கைகளுக்கு உள்ளே மெல்லிய மேப்பிள் மரத் தகடுகள், மேலும் கீழும் ஃபைபர் கண்ணாடி இழை. இழுக்கும்போது நம்மைப் பார்க்கும் பக்கம் அமுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. அதிகப் பாடு படுவது அந்த இரண்டு மேற்பரப்புகளும்தான், அதனால்தான் இழையை அங்கே வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக மரத்தை ஒட்டி இழைத்துப் பிழைக்கிற எனக்கு, பசைக்கோடு எங்கே என்று விளக்கைப் பக்கத்தில் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

நாண் ஏற்றத் தனிக் கயிறு உண்டு. அதன் இரு முனைகளையும் வில்லின் நுனிகளில் மாட்டி, நடுவை மிதித்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினால் வில் வளைந்து கொடுக்கும். காலுக்கிடையில் விட்டு வளைத்தால் வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். நாண் ஏறியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, ஏழரை முதல் எட்டேகால் அங்குலம் இருக்க வேண்டும். நாணை நாலு முறுக்கு கூட்டினால் இடைவெளி கூடும், குறைத்தால் குறையும். சரியான இடம் எது என்பதை எய்யும்போது வரும் சத்தம் சொல்லிவிடும். என் வில் எட்டங்குலத்தில் அமைதியாகிறது.

அம்பு கைப்பிடியில் செதுக்கிய திண்டின் மேலேயே உட்கார்ந்து போகிறது. அதனால் அம்பின் வாலில் பிளாஸ்டிக் இறகு ஆகாது. திண்டில் இடித்து அம்பைத் தள்ளிவிடும். பறவை இறகு என்றால் மடங்கி வழிவிடும். வான்கோழி இறகுதான் ஒட்டுகிறேன், ஓர் அம்புக்கு மூன்று, மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து. மர அம்பு செய்கிறவர்களுக்கு ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: மரத்தின் ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் எய்யும்போதே முறிந்து வில் பிடித்த கையில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அம்பை லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எய்கிறேன். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்போடு போக வேண்டிய விசையெல்லாம் வில்லுக்கே திரும்பும், வில்லின் கை பிளந்துபோகும். பூட்டிய காருக்குள் சேலத்து வெயிலில் போட்டுவைத்தாலும் பசை விட்டுவிடும். மலைப் பனியைவிட எனக்கு அந்த வெயில்தான் பயம்.

கழற்றினால் மிக நீளமான துண்டே இரண்டடிதான். தோள்பையில் போட்டுக்கொண்டு அரசுப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விவரம் தெரிந்ததும் கேட்பது ஒன்றேதான்: "பன்றி அடிக்கவா?" சிலர் காட்டெருமையை விரட்டித் தர முடியுமா என்று உண்மையாகவே கேட்கிறார்கள். வேட்டை 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனக்கு வேட்டை வேண்டவும் வேண்டாம். பழைய சேலைகளை அடைத்த காப்பிச் சாக்கு மூட்டை ஒன்றே என் குறி. நண்பர் வேலை பார்க்கும் தோட்டத்தில் காப்பிக் களத்துக்குப் பின்னால், மேட்டை வெட்டிய மண்கரையில் சாய்த்து வைத்து, பதினைந்து தப்படியில் நின்று எய்கிறேன். சித்திரை வந்தபோது ஆறு அம்பில் நாலு மூட்டையில் நின்றது.

அந்த இடமும் அறுவடைக் காலத்தில் கிடையாது. சேலத்தில் விசாரித்த இடங்களில், போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மட்டும்தான், பெரியவர்களுக்கு இடமில்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பது சரி. ஆனால் வெறும் வில்லையும் விளையாட்டாகவே உலகம் ஏற்றிருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் பேர்போ என்று தனிப் பிரிவு இருக்கிறது; நாண் ஏற்றாத வில் 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும் என்பது அதன் விதி. ஒலிம்பிக்கில் 70 மீட்டருக்கு அப்பால் தெரியும் பத்துப் புள்ளி வட்டத்தின் அளவும் அதே 12.2தான். நம் நாட்டின் இந்தியன் ரவுண்ட் பிரிவில் மூங்கில், மர வில்லை வைத்து 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூறு பாடும் வல்வில் ஓரியின் கொல்லிமலை, 1997-ல் நாமக்கல் பிரியும்வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

நான் கேட்பது மைதானம் அல்ல. முப்பது மீட்டர் நீளம், முடிவில் பத்தடி உயர மண்கரை, கரைக்குப் பின்னால் வழித்தடம் எதுவும் இல்லாத ஒரு மூலை. மேல்நோக்கி விட்டால் என் வில்லிலிருந்தே அம்பு நூறு மீட்டர் தாண்டும் என்பதால், கண்ட இடத்தில் எய்ய மனம் வரவில்லை. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று எய்து, எல்லோரும் வில்லைக் கீழே வைத்தபின் சேர்ந்து போய் அம்பு எடுக்கலாம். ஏற்காட்டில் மேடு வெட்டாத சாலையே கிடையாது. அப்படி ஒரு மூலையை மாவட்ட விளையாட்டுத் துறையோ ஊராட்சியோ வாரத்தில் ஒரு ஞாயிறு காலை ஒதுக்கித் தந்தால் போதும். தங்கள் நிருபர் ஒருவர் இதை விசாரித்து எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம் கிடைத்தால் குறிப் பலகைக்கான சட்டங்களை நானே அடித்துத் தருகிறேன். சில்வர் ஓக் பலகை என்னிடம் இருக்கிறது, கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
நாகலூர், ஏற்காடு வட்டம்.