நெல்லு காஞ்சதுக்கு எங்க சம்பளத்துல பிடிக்கிறாங்க, கலெக்டர் அவர்களுக்கு மனு

அனுப்புநர்: பருவகால பில் கிளார்க்குகள் 14 பேர், நெல் கொள்முதல் நிலையங்கள், நீடாமங்கலம், மன்னார்குடி பகுதி.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர்.

பொருள்: எடைக் குறைவுன்னு சொல்லி விசாரிக்காம சம்பளத்துல பிடிச்சத நிறுத்தி, நேர்ல உக்காத்தி வச்சு கணக்கு பாக்கச் சொல்லி.

வணக்கம்ங்க. போன தடவ திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தப்ப சம்பந்தப்பட்ட மண்டல ஆபீசுக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னாங்க, ஆனா அந்த ஆபீசு மேலதான் எங்க புகாரே, அவங்க "விதிப்படி பிடித்தம் செய்யப்பட்டது"ன்னு ஒரே வரியில பதில் போட்டு மனுவ முடிச்சிட்டாங்க.

விவசாயி கொண்டார நெல்ல 40 கிலோ சிப்பமா, அதாவது மூட்டையா, எடை போட்டு பில் போடுறது எங்க வேலை. ஈரப்பதம் 17 சதவீதம் வரைக்கும்தான் வாங்கலாம். ஐப்பசி மழையில 17க்கு எங்கங்க போறது, 2022 அக்டோபர்ல மத்திய அரசே 19 வரைக்கும் வாங்கலாம்னு தளர்வு குடுத்துச்சு. வாங்கிட்டோம்னு வைங்க, ஏத்துறதுக்கு லாரி வரணுமே. எங்க சென்டர்ல போன பருவத்துல 22 நாள் மூட்டை அட்டியா, அடுக்கி வச்சபடியே கெடந்துச்சு, மழை வந்தா படுதா போடு வெயில் அடிச்சா தொறந்து விடுன்னு ராவும் பகலும் அதே வேலை, கடைசியில குடோன்ல எடை போட்டா குறையுதுங்குறாங்க. குறையாம என்ன பண்ணும்? 1000 மூட்டைன்னா 40 டன். 19ல வாங்குன நெல்லு 17க்கு காஞ்சா தண்ணியா மட்டும் 960 கிலோ போயிடும், அதாவது 24 மூட்டை. எலி தின்னது தனி. அத்தனையும் நாங்க வித்துத் தின்ன மாதிரி எங்க பேர்ல எழுதிட்டாங்க.

இத எழுதுற எனக்கு பங்குனி மாச சம்பளத்துல 4,850 ரூபா கொறஞ்சுது. ஒரு நோட்டீஸ் கெடையாது. போயி கேட்டா, கையெழுத்து போட்டாத்தான் மிச்சம்னு ரிஜிஸ்டர எம்பக்கம் தள்ளுனாங்க, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டணும், போட்டுட்டேன். ஆனா எம்பையனோட பழைய கணக்கு நோட்டுல தெனம் ஒவ்வொரு அட்டிக்கும் ஈரப்பத மீட்டர் வச்சுப் பாத்து தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், அத யாரும் வாங்கிக்கூட பாக்கல.

எங்கள்ல தப்பு பண்ணவனே இல்லன்னு சொல்ல வரலைங்க, மூட்டைக்கு காசு வாங்குற கதை ஊருக்கே தெரியும், அவங்கள விசாரிச்சு தண்டிங்க. விசாரிக்காம எல்லாத்துக்கும் பிடிக்கிறதுதான் வேணாங்குறோம். நஷ்டம்னு பிடிக்கறதுக்கு முன்னாடி வேலைக்காரன் விளக்கம் சொல்ல வாய்ப்பு குடுக்கணும்னு 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்துலயே இருந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா வந்திருக்குற 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அதே விதிதான்.

அதனால தொழிலாளர் உதவி ஆணையர் முன்னாடி எங்கள்ல ரெண்டு பேரையும் மண்டல அதிகாரியையும் ஒரு நாள் உக்கார வைங்க. வாங்குன அன்னிக்கு ஈரம், லாரி ஏறுன தேதி, குடோன் எடை மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா அரை நாள்ல தெரிஞ்சுடும். அதுவரைக்கும் மேற்கொண்டு பிடிக்க வேணாம். குறுவை கொள்முதல் தொடங்குறதுக்குள்ள இத முடிச்சு, இனிமே லாரி சீட்டுலயே ஏத்துற அன்னிக்கு உள்ள ஈரப்பதத்த எழுதச் சொல்லி உத்தரவு போடணும்னு கேட்டுக்குறோம்.

இணைப்பு: 14 பேர் சம்பள சீட்டு நகல், ஈரப்பத நோட்டு நகல் (மழையில நனஞ்சதால நாலு பக்கம் மங்கலா இருக்கும், ஒரிஜினல் கையில இருக்கு, கூப்புட்டா கொண்டாறேன்).

இப்படிக்கு,
பில் கிளார்க்குகள் 14 பேர்