சமாதானத்தைக் கையால் கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாம்பல் புதனன்று உங்கள் நாளிதழில் லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. உபவாசம், ஜெபம், தருமம் மூன்றையும் எழுதியவர் நன்றாக எடுத்துச் சொல்லியிருந்தார். படித்துவிட்டு மடித்து வைத்தேன். அப்புறம் மனது கேட்கவில்லை. அந்த மூன்றையும் ஒன்பது வருஷம் ஒரு குறையும் வைக்காமல் செய்துகொண்டே, சொந்த ஓரகத்தியோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள் நான். அதனால்தான், ஆராதனையில் ஒருவருக்கொருவர் கையால் சமாதானம் கொடுக்கும் வழக்கம் திரும்பி வர வேண்டும் என்று இந்தக் கடிதம்.

நான் சாத்தான்குளம் பக்கத்து கிராமத்துக்காரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்த வீடும் வாழ்க்கைப்பட்ட வீடும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள்தான். காலை நாலரைக்கு எழுந்து ஜெபம், வருஷத்துக்கு ஒரு தடவை வேதாகமம் முழுவதும் வாசிப்பு, லெந்து நாற்பது நாளும் ஒரு நேரச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். பெண்கள் ஐக்கியத்தில் கைப்பிடி அரிசி சேர்க்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் மருமகளுக்குப் பிரசவம் என்றாலும் "ஜெபிச்சிக்கிடுங்க" என்று என் வீட்டுப் படியேறி வருவார்கள்.

என் மாமியார் பாம்படம் என்ற கனத்த காதணி போட்ட தலைமுறை. காது தோளைத் தொடும். கடைசி நான்கு வருஷம் படுக்கையில் கிடந்தது என் வீட்டில். 2010இல் உடம்பு ரொம்ப முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தோம். கட்டப் பணம் இல்லை. "கழத்தி வித்துரு தாயி, எனக்கு இனி எதுக்கு?" என்று அத்தையே சொன்னார்கள். விற்றேன், பில்லைக் கட்டினேன். நகைக்கடைச் சீட்டை வேதாகமத்தில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே வைத்தேன். அந்த வாரமே அத்தை போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், உறவு சனம் எல்லாம் முற்றத்தில் இருக்கும்போது என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், "அத்தை பாம்படம் எங்க?" என்று கேட்டார்கள். அந்த நிமிஷம் சீட்டை எடுத்துக் காட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் காட்டவில்லை. "நாலு வருஷம் மூத்திரத் துணி அலசுனவகிட்ட கணக்குக் கேக்க வந்துட்டியளோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அக்கா முகம் சுண்டிப்போனது. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார்கள்.

அப்புறம் ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. ஒரே தெரு, ஒரே கோயில். பெண்கள் பக்கத்தில் நான் இரண்டாவது பெஞ்சு, அக்கா கடைசி வரிசை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு இருவரும் போவோம். ஒரே அப்பம், ஒரே கிண்ணம். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சீட்டைக் காட்டாமல் வைத்திருந்ததில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் யாரென்று கர்த்தருக்குத் தெரியும், போதும் என்று நினைத்தேன். காலை ஜெபத்தில் அக்காவையும் விடவில்லை. "ஆண்டவரே, அவங்க கண்களைத் திறந்தருளும்" என்று தினமும் கேட்டேன்.

2019இல் பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, ஏப்ரல் 18. அன்றைக்குத்தான் பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் வைத்தார்கள், பலருக்கு நினைவிருக்கும். காலையில் ஓட்டு, சாயங்காலம் ஆராதனை. எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டத்துக்கு, அப்போதுதான் இளவயது ஐயர் ஒருவர் வந்திருந்தார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எடுத்தார். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்..." அதோடு நிறுத்திவிட்டு, "குறை யாருக்கு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. "உங்களுக்கு அவர்மேல் குறை இருந்தால் என்று இங்கே போடவில்லை. அவருக்கு உங்கள்மேல் குறை இருந்தால் என்று போட்டிருக்கிறது. நன்றாகப் பாருங்கள்" என்றார்.

எத்தனை வருஷமாக வாசித்த வசனம்! எனக்கு அக்காமேல் குறை என்றுதான் நான் எப்போதும் வாசித்திருக்கிறேன். அவர்களுக்கு என்மேல் ஒரு குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஊர் முன்னால் ஒரு மனுஷியைத் திருடி மாதிரி, பேராசைக்காரி மாதிரி நிறுத்தியவள் நான். கேட்டது தப்பாகவே இருக்கட்டும். அத்தைக்கு அவர்களும் மருமகள்தானே? கேட்கிற உரிமை இல்லையா?

பிரசங்கம் முடிந்ததும் சமாதானம் கொடுக்கும் முறையை ஐயர் விளக்கினார். இதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950இல் அந்தத் திருச்சபை தனக்கென்று ஒரு திருவிருந்து ஒழுங்கைச் செய்துகொண்டபோது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த ஒரு பழக்கத்தை எடுத்துச் சேர்த்தது. அதற்கு முன் நம் தாத்தா பாட்டிகள் கையில் இருந்த ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் அது கிடையாது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க வேண்டும். பிறகு இருவரும் அவரவர் இடது கையால் மற்றவரின் வலது கையை மூட வேண்டும். "தேவ சமாதானம்" என்று மெல்லச் சொல்லலாம். குருவானவர் பலிபீடத்தண்டையில் தன்னோடு ஊழியம் செய்கிறவர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் சபைக்குக் கொண்டுவருவார்கள். அப்படியே கைமாறிக் கடைசி பெஞ்சு வரை போகும். இது காணிக்கை எடுப்பதற்கு முன்னால் வரும். அந்த இடத்தில் வைத்ததற்குக் காரணமே நான் மேலே எழுதிய மத்தேயு வசனம்தான்.

அன்று நான் பெஞ்சின் ஓரத்தில் இருந்தேன். எனக்கு வந்ததை நான் பின் பெஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். திரும்பினேன். அக்கா நின்றார்கள்.

பதநீர் சீசன். அவர்கள் பதநீர் காய்ச்சும் விடிலியில் வேலையை முடித்து, ஓட்டும் போட்டுவிட்டு, பிந்தி ஓடிவந்திருக்கிறார்கள். பின்னால் இடம் இல்லாமல் கிடைத்த இடத்தில் நுழைந்திருக்கிறார்கள். சேலையில் கருப்பட்டிப் புகை மணத்தது. எனக்குக் கை நீளவில்லை. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் ஒரு சபையே காத்திருந்தது. அக்காதான் முதலில் கையை நீட்டினார்கள். வலது மணிக்கட்டுக்கு மேலே, பதநீர்த் தாச்சி சுட்ட தழும்பு புதிதாகச் சிவந்து கிடந்தது. அது எப்போது சுட்டது என்று எனக்குத் தெரியாது. ஒரே தெருவில் இருக்கிறேன், தெரியாது. அவர்கள் இடது கை என் கைமேல் வந்து மூடியது. சுட்டு விரல் நகத்தில் ஓட்டு மை. என் விரலிலும் அதே மை. "தேவ சமாதானம்" என்று சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை.

இது அன்றோடு தீரவில்லை. கை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. பெரிய வெள்ளி ஏழு வார்த்தை ஆராதனை முடிந்த பிறகு, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மஞ்சளித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். "இத அன்னைக்கே காட்டியிருந்தா நானும் பாதிக் காசு கொடுத்திருப்பேன்லா?" என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "காசுக்கு நான் கேக்கல. அத்தை ஞாபகமா ஒண்ணு வேணும்னு இருந்துச்சு" என்றார்கள். ஒன்பது வருஷமாக நான் மனதுக்குள் வைத்து வழக்காடிய பெண் வேறு யாரோ. இவர்கள் இல்லை.

அத்தையின் வெற்றிலை உரல் என்னிடம் இருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன் பிறகு என் ஜெபத்தில் நடந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும். அது நீளவில்லை, குறைந்தது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவேன். பேசி முடிக்கும்போது வாய்தான் ஓய்ந்திருக்கும். இப்போது பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது, விளக்கை அணைத்த பிறகும் அறையில் ஆள் இருப்பது தெரிவது போல எனக்குத் தெரிகிறது. ஒன்பது வருஷம் அது தெரியவில்லை. "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் நிருபத்தில் இருக்கிறது. இதை அறிவுரை என்று நினைத்திருந்தேன். என் காரியத்தில் அது நடந்ததை நடந்தபடி சொல்வதாகவே இருந்தது.

முன்னோர்கள் இதில் கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் திருவிருந்துக்கு வர நினைக்கிறவர்கள் முந்தின நாளாவது குருவுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பகையோடு இருக்கிறவர்கள் ஒப்புரவாகும் வரை பந்திக்கு வரக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் திருவிருந்து வாரத்தில் உபதேசியார் வீடு வீடாக வருவாராம். யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல் என்று கேட்டு, திண்ணையில் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பாராம். இப்போது பெயர் கொடுப்பதும் இல்லை, கேட்பாரும் இல்லை. அந்தக் கையும் இல்லாமல் போனால் நமக்கு என்ன மிச்சம்?

ஆம், கையும் போய்விட்டது. 2020இல் கொரோனா வந்தது. யாரும் யாரையும் தொடக் கூடாது என்றார்கள், சரி, அன்று அது தேவைதான். நின்ற இடத்திலேயே கும்பிட்டு, சுற்றிலும் தலையசைக்கப் பழகினோம். அப்புறம் கல்யாண வீட்டுப் பந்தி திரும்பி வந்தது. கோயில் விருந்தான அசனச் சாப்பாடு திரும்பி வந்தது, தோளோடு தோள் இடித்துச் சாப்பிடுகிறோம். தேர்த் திருவிழாக் கூட்டம் போல பஸ்ஸில் நெரிகிறோம். சமாதானம் மட்டும் எங்கள் கோயிலில் இன்னும் கும்பிடாகவே இருக்கிறது. பக்கத்துச் சேகரங்களிலும் பல இடத்தில் அப்படித்தான் பார்த்தேன். கும்பிடுவது நம் ஊர் மரியாதை, அதில் தவறில்லை. ஆனால் பொதுவாகச் சுற்றிக் கும்பிடும்போது பேசாதவரையும் சேர்த்துக் கும்பிட்டுவிடலாம். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நமக்கு அது வசதியாகிவிட்டது, அதனால்தான் யாரும் பழையதைக் கேட்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

இரண்டு விஷயம் மறுத்துச் சொல்வார்கள். இருமல் சளி உள்ளவர்கள் இருப்பார்களே என்று. அவர்கள் அன்று கும்பிடட்டும், யார் கோபிக்கப் போகிறார்கள்? இரண்டாவது கொஞ்சம் பெரியது. அடித்துத் துன்புறுத்திய புருஷனுக்கு, ஏமாற்றிச் சொத்தை எடுத்தவனுக்கு, கோயிலில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒரு பெண் கை கொடுக்க வேண்டுமா? வேண்டாம். அங்கே குறை யாருக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. குற்றம் செய்தவன்தான் எழுந்து போக வேண்டும். பாதிக்கப்பட்டவளை எழுப்பாதீர்கள். அதே போல, கோயிலில் கை கொடுத்துவிட்டு வெளியே வந்து சாதி பார்த்துப் பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரிந்து போகிற சபைகள் நம் பக்கத்திலேயே உண்டு. அங்கே கைக்குக் கை சமாதானம் போவதற்கு ஐயர்மார் இன்னும் அதிகம் பிரயாசப்பட வேண்டியிருக்கும். அதற்காக வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

குருவானவர்களை நான் கேட்பது இவ்வளவுதான். இந்த லெந்தில், பெரிய வியாழன் ஆராதனையிலாவது, இரண்டு நிமிஷம் எடுத்து முறையைச் சொல்லிக்கொடுத்து, பலிபீடத்திலிருந்து கடைசி பெஞ்சு வரை கையால் கொடுக்க வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியவில்லை.

அக்காவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை அசையாது. ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவருகிறார், நானும் போய் உட்காருவேன். வருகிற பெரிய வியாழனன்று அவர்களைச் சக்கர நாற்காலியில் கோயிலுக்குக் கூட்டிவரப் பேரன்மார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நடைபாதை ஓரத்தில், இரண்டாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் வைப்போம். முன்னால் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். திரும்பிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்களால் பதிலுக்குக் கும்பிட முடியாது, ஒரு கைதான் வேலை செய்கிறது. அந்த இடது கையை அவர்கள் நீட்டுவார்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.

(குடும்பக் காரியம் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம். அக்காவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன்.)

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சாத்தான்குளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.